அரூரில் இறங்குங்கள்!

சேலத்திலிருந்து அரூர் போகும் பஸ், அயோத்தியாப்பட்டணம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மலைப்பாதையைப் பிடிக்கிறது. மஞ்சவாடிக் கணவாய். ஒரு பக்கம் சேர்வராயன் மலைச் சரிவு, மறுபக்கம் சித்தேரி மலைகளின் ஆரம்பம். வளைவுகள் முடிந்து பஸ் சமவெளிக்கு இறங்கும்போது தர்மபுரி மாவட்டத்துக்குள் வந்துவிடுகிறோம். காற்று மாறிவிடும். செம்மண், குச்சிக்கிழங்குக் காடு, ஆங்காங்கே மஞ்சள், கரும்பு, சாலையின் இருபுறமும் வயதான புளிய மரங்கள். இந்த வழியில் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஊத்தங்கரை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று போய்க்கொண்டே இருப்பார்கள். அரூரில் டீ குடிக்க இறங்குவார்கள். ஊரைப் பார்க்க இறங்குகிறவர்கள் குறைவு.

தர்மபுரி என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு ஒகேனக்கல்தான். பெங்களூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் சனி ஞாயிறுகளில் கார்கள் வரிசை கட்டிப் போகும். பரிசல், எண்ணெய்க் குளியல், மீன் வறுவல், மாலையில் திரும்பிவிடுதல். ஒகேனக்கல்லைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. காவிரி பாறையைப் பிளந்துகொண்டு விழும் அந்த இடத்துக்கு ஈடு சொல்ல இந்த மாநிலத்தில் அதிகம் இல்லை. ஆனால் ஒரு மாவட்டத்தை அதன் அருவியோடு முடித்துக்கொள்வது அந்த மக்களுக்குச் செய்யும் நியாயம் அல்ல. 1965 அக்டோபர் 2-ல் சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டம் இது. 2004-ல் கிருஷ்ணகிரி தனியாகப் போன பிறகு மிஞ்சியது மலையும் மானாவாரியும்தான். இந்த மண்ணில் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள், எதைச் சாப்பிடுகிறார்கள், எதைத் தாங்கினார்கள், எதைக் கட்டி எழுப்பினார்கள் என்று பார்க்க வேண்டுமானால் கிழக்கே அரூர்ப் பக்கம் வர வேண்டும். இரண்டு நாள் போதும். ஓர் இரவாவது தங்க வேண்டும் என்பதுதான் என் நிபந்தனை.

சந்தையும் புளியும்

அரூர் ஒரு மலையடிவார ஊர். சித்தேரி மலையிலிருந்தும் கோட்டப்பட்டிப் பக்கத்திலிருந்தும் ஜனங்கள் எதற்கு இறங்கினாலும் இங்கேதான் வந்தாக வேண்டும். தாலுகா ஆபீஸ், கோர்ட், பெரிய ஆஸ்பத்திரி, உரக்கடை, நகைக்கடை, பள்ளிக்கூடச் சீருடை எல்லாம் இங்கே. காலை எட்டு மணிக்கு பஸ் நிலையத்தில் நின்று பார்த்தால் இந்த ஊரின் வேலை என்ன என்பது புரிந்துவிடும். மலைக் கிராமத்து பஸ்களிலிருந்து முதலில் மூட்டைகள் இறங்கும், பிறகு மனிதர்கள். முருங்கைக் கட்டு, சீத்தாப்பழக் கூடை, கால் கட்டிய நாட்டுக்கோழி, கையில் மருத்துவச் சீட்டு. அதே நேரம் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போகிற பஸ்களில் இளைஞர்கள் தோள்பையோடு ஏறிக்கொண்டிருப்பார்கள். மழையை நம்பிய விவசாயம் ஒரு போகத்துக்கு மேல் தாங்காத ஊர்களில் படித்த பையனும் படிக்காத பையனும் ஒரே பஸ்ஸில்தான் கிளம்புகிறார்கள்.

இங்கே உள்ள கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் பருத்தியும் மஞ்சளும் ஏலம் போகும். கோபாலபுரத்தில் சுப்பிரமணிய சிவா கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. தொழுநோயோடு போராடியபடி நாடு சுற்றிய அந்தத் தியாகி, 1925 ஜூலை 23-ல் இதே மாவட்டத்தின் பாப்பாரப்பட்டியில் கண் மூடினார். கரும்பு வெட்டும் பருவத்தில் இந்தச் சாலைகளில் டிராக்டர்களுக்கு வழிவிட்டே போக வேண்டும்.

நான் பார்க்கச் சொல்வது புளி. மாசி, பங்குனியில் வந்தால் அரூர், பொம்மிடி, பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் வீட்டுத் திண்ணைகளிலும் களங்களிலும் பெண்கள் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருப்பார்கள். சாலையோர மரங்கள் அரசுக்குச் சொந்தம். மகசூலை ஏலம் எடுத்தவர் ஆள் வைத்து உலுக்குவார். பழம் காய்ந்ததும் ஓட்டைத் தட்டி உதிர்க்க வேண்டும், நாரை உருவ வேண்டும், பிறகு ஒவ்வொரு சுளையாகப் பிளந்து கொட்டையை எடுக்க வேண்டும். ஒரு கையில் சின்னக் கட்டை, இன்னொரு கையில் பழம். அடி ஓட்டில் பட வேண்டும், சதை நசுங்கக் கூடாது. பேசிக்கொண்டே செய்கிற வேலைபோலத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் விரல் நுனிகள் கறுத்து வெடித்திருப்பது தெரியும். கூலி கிலோக் கணக்கு. நம் சாம்பாரின் புளிப்பு இந்த விரல்களைக் கடந்துதான் வருகிறது.

இன்னொன்றையும் கவனிப்பீர்கள். நடுத்தர வயது தாண்டியவர்கள் சிரிக்கும்போது பல்லில் பழுப்புக் கறை. இது வெற்றிலைக் கறை அல்ல. இந்த வட்டாரத்துப் பாறைக்குள் இருக்கும் ஃபுளோரைடு ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்து, தலைமுறை தலைமுறையாகப் பல்லையும் எலும்பையும் தின்றது. மழை குறையக் குறைய கிணறு ஆழமானது. ஆழம் போகப் போக விஷமும் கூடியது. அதற்குத் தீர்வாகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரைடு பாதிப்புக் குறைப்புத் திட்டம் வந்தது. 2008-ல் அடிக்கல், 2013-ல் பயன்பாடு. செலவு 1,900 கோடி ரூபாய்க்கு மேல். காவிரித் தண்ணீர் மேடேறி தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஊர்களுக்கு வந்தது. குளிக்கப் போகிறவர்கள் பார்க்கிற அருவிக்கும் அரூர்த் தெருக்குழாயில் குடம் பிடிக்கும் அம்மாவுக்கும் இடையே இப்படி ஒரு தொடர்பு. புளியைப் பற்றியும் ஒரு செய்தி: புளி சேர்த்த உணவு, உடலில் தங்கும் ஃபுளோரைடைச் சிறுநீர் வழியே கூடுதலாக வெளியேற்ற உதவுகிறது என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். விஷத்தைக் கொடுத்த மண்ணே கொஞ்சம் மருந்தையும் கொடுத்திருக்கிறது.

களி தின்னத் தெரிய வேண்டும்

அரூரில் மதியச் சாப்பாட்டுக்குப் பெரிய ஓட்டலைத் தேடாதீர்கள். 'களி' என்று எழுதிப் போட்டிருக்கும் மெஸ் எதுவானாலும் உள்ளே போங்கள். கேழ்வரகுக் களி இந்த மாவட்டத்தின் அன்றாடச் சோறு. நகரத்தில் இப்போது அதைச் சர்க்கரை நோயாளிக்கான பத்தியமாக விற்கிறார்கள். இங்கே அது உழைப்பாளிகளின் சாப்பாடு.

செய்வது லேசான காரியம் இல்லை. தண்ணீரில் கொஞ்சம் நொய் போட்டு வேகவிடுவார்கள். அது குழைந்து கொதிக்கும்போது கேழ்வரகு மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் துடுப்பால் குழி செய்து, ஆவி மேலே வர விட்டுவிடுவார்கள். மாவு வெந்த வாசனை வந்ததும் பாத்திரத்தை இறக்கி, கவைக்கோலால் அசையாமல் பிடித்துக்கொண்டு கிண்ட வேண்டும். உடம்பு முழுக்க அந்தத் துடுப்பில் இறங்க வேண்டும். ஒரு கட்டி இருந்தாலும் சமைத்தவருக்கு அவமானம். பிறகு தண்ணீர் தொட்ட கையால் உருட்டி எடுத்தால், பளபளவென்று கறுத்த உருண்டை இலையில் விழும்.

அதைச் சாதம்போலப் பிசைந்து மெல்லப் பார்ப்பது வெளியூர்க்காரர்களின் வழக்கம். பரிமாறுகிறவரே வந்து சொல்லிக்கொடுப்பார். உருண்டையின் நடுவில் குழி பறித்துக் குழம்பு ஊற்ற வேண்டும். நாட்டுக்கோழிக் குழம்போ, கருவாட்டுக் குழம்போ, கீரைக் கடைசலோ. ஓரத்திலிருந்து கொஞ்சம் கிள்ளி, குழம்பில் புரட்டி, மெல்லாமல் விழுங்க வேண்டும். இரண்டாவது உருண்டை கேட்டால் அந்த மெஸ்ஸில் உங்களுக்கு மரியாதையே வேறு. மாலை வரை பசிக்காது.

மலை மேல் ஒரு தாரை

அரூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரப் பயணத்தில் தீர்த்தமலை. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். மலைமேல் தீர்த்தகிரீஸ்வரர், வடிவாம்பிகை. அடிவாரத்திலும் கோயில் உண்டு. படியேறி மேலே போனால் பாறை உச்சியிலிருந்து ராமர் தீர்த்தம் தாரையாக விழுகிறது. ராவண வதம் முடித்துத் திரும்பிய ராமன் சிவபூஜைக்குத் தண்ணீர் கொண்டுவர அனுமனை அனுப்பினான், அனுமன் வரத் தாமதமானது, ராமன் அம்பு எய்து பாறையில் ஊற்று வரவழைத்தான் என்பது தலக்கதை. பின்னால் வந்த அனுமன் தான் கொண்டுவந்த தண்ணீரை வீசியெறிய, அது விழுந்த இடம் தென்பெண்ணைக் கரையில் உள்ள அனுமன்தீர்த்தம்.

மேலே ராமர், அகத்தியர், அக்கினி, குமார, கௌரி என்று ஐந்து தீர்த்தங்கள். ராமர் தீர்த்தத்தின் கீழே நிற்க ஜனங்கள் வரிசையாகக் காத்திருப்பார்கள். காற்று வீசினால் தாரை இடம் மாறும். கைக்குழந்தையைத் தூக்கிப் பிடித்த அம்மாக்கள் அதற்கேற்ப நகர்வார்கள். மழை வந்தால் தாரை தடிக்கும், கோடையில் மெலியும். காய்ந்த மாவட்டத்தில் ஒரு மலைப்பாறை தண்ணீர் தருவதை மக்கள் தெய்வமாகக் கொண்டாடியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஏற முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் ஏறாதீர்கள். குரங்குகள் பையைப் பிடுங்கும். மாசி மாதத் திருவிழாவின்போது போனால் கூட்டத்தோடு தேரும் பார்க்கலாம்.

அனுமன்தீர்த்தத்தில் ஆடிப்பெருக்கு அன்று ஆற்றங்கரை நிறைந்துவிடும். கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டி வரும் தென்பெண்ணை இங்கே பெரும்பாலான மாதங்களில் மணலும் திட்டுத் தண்ணீருமாகக் கிடக்கும். அதை நம்பி யாரும் ஏமாற வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையேறி இந்தப் பக்கம் நகர்ந்தபோது பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரிகள் உடைந்து, பஸ் நிலையத்தில் நின்ற வண்டிகளே அடித்துச் செல்லப்பட்டன. அரூர்ப் பக்கமும் வெள்ளக்காடானது. வறட்சி மாவட்டம் என்று பெயர் வாங்கிய மண், ஒரே இரவில் வெள்ளத்தில் மிதந்தது.

வாச்சாத்தியைக் கடந்து போகும்போது

அரூரிலிருந்து சித்தேரி மலையடிவாரத்துக்குப் போகும் பாதையில் வாச்சாத்தி இருக்கிறது. அரூருக்குப் பயணம் போகிறவர் இந்தப் பெயரைத் தெரிந்துகொள்ளாமல் போகக் கூடாது.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டை பதுக்கியிருப்பதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். ஜனங்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அவர்களில் சிறுமிகளும் உண்டு. வீடுகளை இடித்தார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், குடிக்கிற கிணற்றைக் கெடுத்தார்கள். பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மீது வழக்குப் போட்டு சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். மிச்சம் இருந்தவர்கள் காட்டுக்குள் ஒளிந்தார்கள். சில வாரங்களுக்கு அது ஆளில்லா ஊர்.

மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் விஷயத்தை வெளியே கொண்டுவந்து, உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என்று படியேறின. விசாரணை சி.பி.ஐ.-யிடம் போனது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், எல்லோரும் அரசு ஊழியர்கள். வழக்கு நடந்த காலத்தில் 54 பேர் இறந்துபோனார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி.வேல்முருகன், 2023 மார்ச்சில் தாமே வாச்சாத்திக்கு வந்து இடத்தைப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29-ல், முதல் தீர்ப்பு வந்து சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு, அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்க வேண்டும், அன்றைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை என்று உத்தரவிட்டார்.

முப்பத்தொரு ஆண்டுகள். கோர்ட்டில் சாட்சி சொன்ன பெண்கள் பெயரும் முகமும் தெரியாத மலையடிவாரத்து விவசாயக் கூலிகள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூலியை விட்டு, பஸ் ஏறி, எதிர்த்தரப்பு வக்கீலின் கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொன்னார்கள். இவ்வளவு பெரிய சீருடைக் கூட்டம் ஒட்டுமொத்தமாகத் தண்டிக்கப்பட்டது அவர்கள் பின்வாங்காததால்தான். இந்தியாவில் நடந்த சட்டப் போராட்டங்களில் இதை முன்வரிசையில் வைப்பேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வாச்சாத்தி ஒரு காட்சிப் பொருள் அல்ல. அங்கே போய் யாரையும் நிறுத்தி, "அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்காதீர்கள். அவர்கள் சொல்ல வேண்டியதை நீதிமன்றத்தில் சொல்லி முடித்துவிட்டார்கள். இப்போது மாடு மேய்க்கவும் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பவும் அவர்களுக்கு வேலை இருக்கிறது. அந்தச் சாலையில் போகும்போது, இந்த ஊர்க்காரர்கள் யார் என்று தெரிந்துகொண்டு போனால் அதுவே மரியாதை.

சித்தேரி மலைக்காரர்களின் துயரம் அத்தோடு நிற்கவுமில்லை. 2015 ஏப்ரல் 7-ல் திருப்பதி சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 தமிழகத் தொழிலாளர்களில் இந்தப் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். ஊரில் வேலை இருந்திருந்தால் அவர்கள் ஏன் அங்கே போகிறார்கள்? சந்தன மரமோ செம்மரமோ, லாபம் பார்த்தவர்கள் வேறு யாரோ. உயிரையும் மானத்தையும் பறிகொடுத்தவர்கள் மலைக்காரர்கள்.

சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு

கோட்டப்பட்டி தாண்டிப் போனால் கல்வராயனும் சித்தேரியும் இரண்டு பக்கமும் அணைத்திருக்க, நடுவில் சிட்டிலிங்கி. இருபதுக்கு மேற்பட்ட சின்னச் சின்ன ஊர்கள். பெரும்பாலும் மலையாளி எனப்படும் மலைவாழ் பழங்குடியினர், தாண்டா எனப்படும் இரண்டு குடியிருப்புகளில் லம்பாடிகள். இந்தப் பள்ளத்தாக்கில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னமும் நெஞ்சு நிறையும்.

1993-ல் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற மருத்துவத் தம்பதி இங்கே வந்தார்கள். காந்திகிராமத்தில் வேலை பார்த்தவர்கள். பிரசவச் சிக்கல் என்றால் மணிக்கணக்காகப் பயணம் செய்து வெளியூர் போக வேண்டிய இடம் அப்போது இது. குழந்தைகள் வயிற்றுப்போக்கில் சாவது சாதாரணம். ஊர்க்காரர்களே கட்டிக்கொடுத்த ஒரு மண் குடிசையில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்கள். 'ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற அந்த முயற்சி பின்னாளில் அறுவை சிகிச்சை அரங்கு, ஆய்வகம், பிரசவ அறை எல்லாம் உள்ள முழு ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. கட்டடத்தைவிட ஆட்களைத் தயார் செய்த விதம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நர்ஸுகளை வெளியிலிருந்து கூட்டி வரவில்லை. அந்தந்த ஊர் மலையாளிப் பெண்களையும் லம்பாடிப் பெண்களையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கொஞ்சம்தான் படித்த பெண்கள், ஊசி போடவும் பிரசவம் பார்க்கவும் அறுவை சிகிச்சையில் கூட நிற்கவும் கற்றார்கள். ஊர்தோறும் ஒரு பெண் வீடு வீடாகப் போய் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் கவனித்தார். சிசு மரணம் சரிந்தது.

வைத்தியம் மட்டும் பார்த்தால் போதாது என்பது சீக்கிரமே விளங்கியது. சாமையும் கேழ்வரகும் விளைந்த வயலில் பருத்தியும் மரவள்ளியும் வந்து, உரக்கடைக் கடன் ஏறி, வீட்டில் தின்னத் தானியம் இல்லாத நிலை. அதிலிருந்து பிறந்தது சிட்டிலிங்கி இயற்கை விவசாயிகள் சங்கம். சில விவசாயிகளோடு ஆரம்பித்தது. சிறுதானியத்தைத் தாங்களே வாங்கி, உமி நீக்கி, மாவாக்கி, பிஸ்கட் செய்து விற்கும் அளவுக்கு வளர்ந்தது. சாமையை உரலில் இட்டுக் குத்திய காலத்தில் அந்த உழைப்புக்குப் பயந்தே பெண்கள் ரேஷன் அரிசிக்கு மாறினார்கள். உமி நீக்கும் இயந்திரம் ஊருக்குள் வந்ததும் சாமைச் சோறு அடுப்படிக்குத் திரும்பியது.

லம்பாடிப் பெண்களின் கதை இன்னும் அழகு. அவர்களுடைய பாட்டிமார் கண்ணாடித் துண்டும் சோழியும் நாணயமும் வைத்துத் தைத்த பாவாடை, ரவிக்கைகளை எப்போதோ பெட்டியில் மடித்து வைத்துவிட்டார்கள். அடுத்த தலைமுறைக்குத் தையல் மறந்துபோயிருந்தது. லலிதாவின் முயற்சியில் அந்தப் பழைய துணிகளைப் பிரித்துப் பார்த்து, நினைவிருந்த இரண்டொரு மூதாட்டிகளிடம் கேட்டு, ஒவ்வொரு தையலாக மீட்டார்கள். 'போர்கை' என்ற பெயரில் இன்று அந்தப் பெண்கள் துப்பட்டா, குர்த்தா, தலையணை உறை, பை எல்லாம் செய்கிறார்கள். ஒரு துப்பட்டா ஓரத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். சதுரத்துக்குள் சதுரம், அதைச் சுற்றிச் சின்னச் சின்ன முக்கோணங்கள், ஓரத்தில் சிவப்பும் கறுப்புமாக ஏணிப்படி போல ஏறும் இழை. பின்பக்கம் திருப்பினால் முடிச்சே தெரியாது. கணவனோடு திருப்பூருக்குக் கிளம்ப வேண்டியிருந்த பெண்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தபடி சம்பாதிக்க இது வழி செய்தது. தாண்டாவிலிருந்து குடும்பங்கள் பிரிந்து போவது அந்த அளவுக்காவது குறைந்தது.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி, நோயாளிகள் இருக்கும் இடம். சுற்றிப் பார்க்க அங்கே கூட்டமாக நுழையக் கூடாது. முன்கூட்டித் தொடர்புகொண்டு, அனுமதி வாங்கி, விவசாயிகள் சங்கத்தையும் தையல் கூடத்தையும் பார்க்கலாம். வாங்குவதை அங்கேயே வாங்கினால் காசு செய்தவர் கைக்கு நேராகப் போகும்.

இறங்கத்தான் வசதி இல்லை

அரூருக்குப் பயணிகள் வருவதில்லை என்று ஜனங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வந்தால் எங்கே தங்குவது? சாதாரண லாட்ஜுகள் உண்டு; குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு அவை ஒத்துவருமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. மலைக் கிராம பஸ்கள் எப்போது கிளம்பும், கடைசி பஸ் எப்போது திரும்பும் என்பதை டீக்கடையில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தீர்த்தமலைக்கு வெளியூர்ப் பெண்கள் தயக்கமின்றி வர வேண்டுமானால் சுத்தமான கழிப்பறையும் உடை மாற்ற மறைவிடமும் முதல் தேவை. சுற்றுலாத் துறைக்கு இந்த மாவட்டத்தில் ஒகேனக்கல்லைத் தாண்டிக் கண் போக வேண்டும். பெரிய ரிசார்ட் யாரும் கேட்கவில்லை. வந்தால் முதலில் பறிபோவது மலைக்காரர்களின் நிலமும் தண்ணீரும்தான். ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டில் ஓர் அறையைச் சுத்தமாக வைத்து வாடகைக்கு விட உதவி செய்தால், அந்த வருமானம் சாமை விதைக்கிற கைக்கே போகும்.

சாலை என்று எடுத்தால் இந்த மாவட்டத்தில் இன்னமும் பாதை இல்லாத மலையூர்கள் உண்டு. தேர்தல் வந்தால் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோகும் படம் பத்திரிகைகளில் வரும். நாம் அதை வேடிக்கைச் செய்தியாகப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறோம். அந்தக் கழுதைப் பாதையில்தான் பிரசவ வலி எடுத்த பெண்ணையும் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கிறது என்பது அந்தப் படத்தில் தெரிவதில்லை.

ரயிலும் அப்படியே. சென்னை–சேலம் பாதையில் உள்ள மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-லேயே ஒரு குறுகிய பாதை ரயில் ஓடியது. பிறகு ஓசூர் வரை நீட்டினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941-ல் அதை மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். மாவட்டத்தின் தலைநகரும் அரூர்ப் பக்கத்து ரயில் நிலையமும் அன்று அறுபட்டவை. தலைமுறைகள் கேட்டுக் கேட்டு, 36 கிலோமீட்டர் புதிய பாதைக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். நிலம் எடுப்பதில் வருடங்கள் ஓடுகின்றன. வெள்ளைக்காரன் காலத்தில் ஓடிய ரயிலைத் திரும்பக் கேட்பது பேராசை ஆகாது. மத்திய அரசும் மாநில அரசும் ஒருவரையொருவர் காட்டாமல் இதை முடித்துத் தர வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். சென்னையிலிருந்து வருகிறவர்கள் மொரப்பூரில் நிற்கும் ரயிலைப் பிடித்து இறங்கினால், அங்கிருந்து அரூர் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். கோவை, ஈரோட்டுக்காரர்கள் சேலம் வந்து மஞ்சவாடி வழியாக வரலாம். கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம். முதல் நாள் அரூர்ச் சந்தை, களி, மாலையில் தீர்த்தமலை. இரவு தங்கி, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சிட்டிலிங்கி. எங்கே போனாலும் "எந்த ஊருங்க?" என்று கேட்பார்கள். நின்று பதில் சொல்லுங்கள். கேமராவை எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். சாமையும் புளியும் வாங்கிவர ஒரு துணிப்பை எடுத்துப் போங்கள். சொன்ன விலையைக் கொடுத்து வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள்.